வீலைச் சுற்றிப் பார்த்து மவுஸ் வாங்குங்கள்



கம்ப்யூட்டர் கடைக்குப் போய் மவுஸ் கேட்டால், கடைக்காரர் முதலில் கேட்பது, "வயரா, வயர்லெஸ்ஸா?" நாம் அடுத்துக் கேட்பது விலை. பிறகு நிறம் பார்ப்போம், கையில் பிடித்துப் பார்ப்போம், உள்ளே லைட் எரிந்தால் பிள்ளைகள் அதையே எடுக்கச் சொல்வார்கள். மவுஸின் நடுவில் இருக்கிற அந்தச் சின்னச் சக்கரத்தை, வீலை, சுற்றிப் பார்த்து வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

ஆனால் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவரின் ஆள்காட்டி விரலைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். கிளிக் செய்வதைவிட அதிக நேரம் அந்த விரல் வீலை உருட்டிக்கொண்டுதான் இருக்கும். மவுஸில் அதிகம் உழைப்பதும் அதுதான், முதலில் கெட்டுப்போகிற பாகங்களில் ஒன்றும் அதுதான். அந்த வீலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். இப்போது பல வகையில் வருகிற வீல்களில் யாருக்கு எது பொருந்தும், யாருக்கு எதுவும் புதிதாகத் தேவையில்லை என்று பார்ப்போம்.

நம் இண்டூரையே எடுத்துக்கொள்வோம். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற வழியில் இருக்கிற ஊர். இந்த மாதிரி ஊர்களின் கடைவீதியில் இன்றைக்கு ஜெராக்ஸ் கடை என்றால் வெறும் ஜெராக்ஸ் மட்டும் இல்லை. பட்டா, சிட்டா எடுக்கிறார்கள், வில்லங்கம் போட்டுக் கொடுக்கிறார்கள், சாதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கிறார்கள், கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார்கள். எல்லாரும் பிடிப்பது மவுஸ்தான். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் விரல் வேறு வேறு விதமாக வீலைக் கேட்கிறது.

நிலம் வாங்கப் போகிறவர் முப்பது வருஷத்துக்கு ஈசி, அதாவது வில்லங்கம், போடச் சொல்கிறார். ஒரே சர்வே நம்பரில் பல மனை பிரிந்திருந்தால் அது பக்கம் பக்கமாக வரும். அதில் அடமானம் இருக்கிறதா, தான செட்டில்மென்ட் இருக்கிறதா, பாகப்பிரிவினையில் யார் பெயர் விட்டுப்போனது என்று பார்க்க வேண்டும். தேடுகிற சொல் தெரிந்தால் கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தித் தேடிவிடலாம். வில்லங்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல்தானே பார்க்கிறோம்? அதனால் கண்ணால்தான் முழுக்க ஓட்ட வேண்டும். இந்த வேலைக்கு வீல் வேகமாக ஓட வேண்டும், நினைத்த இடத்தில் நிற்கவும் வேண்டும்.

பக்கத்து மேசையில் டிடிபி வேலை செய்கிற தம்பி கோரல் டிராவில் பத்திரிகை அடிக்கிறார். அதில் வீலை உருட்டினால் பக்கம் நகராது. படம் பெரிதாகும், சின்னதாகும். தாய்மாமன் பெயரைச் சரியான இடத்தில் வைக்க ஒரு படி பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான். இவருக்கு வேகமான வீல் கொடுத்தால், ஒரு தட்டுத் தட்டியதும் மொத்தப் பத்திரிகையும் தபால்தலை அளவுக்குச் சுருங்கிப் போகும். இவருக்கு வேண்டியது விரலுக்குத் தெளிவாகப் படிப்படியாகத் தெரிகிற வீல்.

இந்த வீல் எப்படி வந்தது என்று தெரிந்தால், எதை வாங்குவது என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

மவுஸை அமெரிக்காவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவர் யோசித்தார். அவருடன் வேலை பார்த்த பில் இங்கிலீஷ் 1964-ல் அதை மரப்பெட்டியில் செய்து கொடுத்தார். 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் எல்லாரும் பார்க்க இயக்கிக் காட்டினார்கள். அந்த மவுஸின் அடியில் இரண்டு சக்கரம் இருந்தது. மேலே, விரலால் உருட்ட என்று சக்கரம் ஒன்றும் இல்லை. அது வர இன்னும் ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆனது.

1993-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் எக்ஸெல் பிரிவில் இருந்த எரிக் மிஷெல்மன், எக்ஸெல் பயன்படுத்துகிறவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். பெரிய கணக்குத் தாளில் மேலும் கீழும் பக்கவாட்டிலும் போக அவர்கள் படுகிற பாட்டைக் கவனித்தார். ஒரு ஜாய்ஸ்டிக்கைக் கொண்டுவந்து, இன்னொரு கையால் அதை அசைத்துத் தாளைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் முடியுமா என்று சோதித்தார். அந்த யோசனை வளர்ந்து மவுஸ் மேலேயே ஒரு வீலாக மாறியது. 1995-லேயே மவுஸ் சிஸ்டம்ஸ் நிறுவனம் ப்ரோஏஜியோ என்ற பெயரில் வீல் வைத்த மவுஸ் ஒன்றை விற்றது. ஆனால் 1996-ல் மைக்ரோசாஃப்டின் இன்டெலிமவுஸ் வந்து, ஆஃபீஸ் 97 அதற்கு ஏற்ற மாதிரி வந்த பிறகுதான் வீல் எல்லா மவுஸிலும் ஏறியது.

நீளமான கணக்குத் தாளில் ஒருவர் சிரமப்பட்டதை இன்னொருவர் பொறுமையாகக் கவனித்ததால் வந்தது இது. மவுஸ் வாங்குவதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டியதும் அதேதான். உங்கள் விரல் ஒரு நாளில் என்ன வேலை செய்கிறது என்று நீங்களே கவனியுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சாதாரண வீலைச் சுற்றினால் கடக், கடக் என்று படிகள் தெரியும். பல மவுஸ்களில் ஒரு முழுச் சுற்றுக்கு 24 படி. விண்டோஸில் நாம் எதையும் மாற்றாவிட்டால் ஒரு படிக்கு 3 வரி நகரும். உங்களிடம் 3000 வரிசை உள்ள ஒரு வீட்டு வரிப் பட்டியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து கீழே போக 1000 படி. விரலை ஒரு முறை இழுத்தால் ஐந்து படி நகரும் என்றால் 200 முறை இழுக்க வேண்டும். திரும்ப மேலே வர இன்னொரு 200. எக்ஸெலின் ஒரு தாளில் 10,48,576 வரிசை இருக்கிறது. விரல் ஏன் வலிக்காது?

இதற்காகத்தான் தடையில்லாமல் சுழலும் வீல் வந்தது. லாஜிடெக் நிறுவனம் 2006-ல் எம்எக்ஸ் ரெவல்யூஷன் என்ற மவுஸில் அதைக் கொண்டுவந்தது. வீலைக் கனமான உலோகத்தில் செய்து, படி தருகிற பல்லை விலக்கிவிட்டால், ஒரு தட்டுக்கு அது தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் பெடலைக் கையால் ஒரு வேகம் கொடுத்து விட்டால் பின்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்குமே, அந்த மாதிரி. விரலை மேலே வைத்தால் நின்றுவிடும்.

இதிலும் வகை இருக்கிறது. விலை குறைந்ததில், வீலுக்குப் பக்கத்தில் இருக்கிற பட்டனை அழுத்தி நாமே படி வேண்டுமா, ஓட்டம் வேண்டுமா என்று மாற்ற வேண்டும். விலை கூடியதில் வீல் தானாக மாறும். மெதுவாக உருட்டினால் படி தெரியும், வேகமாகத் தட்டினால் ஓட ஆரம்பிக்கும். 2019-ல் வந்த எம்எக்ஸ் மாஸ்டர் 3 மவுஸில் மின்காந்தத்தால் படி உண்டாக்குகிறார்கள். ஒரு விநாடியில் 1000 வரி ஓடும் என்கிறது அந்த நிறுவனம். ரேஸர் நிறுவனமும் 2021-ல் பாசிலிஸ்க் வி3 என்ற மவுஸில் இப்படிப்பட்ட வீலைக் கொடுத்தது. சாதாரண மவுஸ் சில நூறு ரூபாய் என்றால், இவை சில ஆயிரங்கள். எம்எக்ஸ் மாஸ்டர் 3-இன் எடை 141 கிராம், சிறிய கைக்குக் கனமாகத் தெரியும்.

தடையில்லாமல் ஓடுகிற வீலின் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். வீல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் காப்பி செய்யலாம் என்று கன்ட்ரோல் கீயில் கை வைத்தால், பக்கம் திடீரென்று பெரிதாகும் அல்லது சுருங்கும். கன்ட்ரோலோடு வீல் சேர்ந்தால் ஜூம் என்பதுதானே கம்ப்யூட்டருக்குத் தெரியும்! விரலால் வீலை நிறுத்திவிட்டு மறு வேலைக்குப் போகிற பழக்கம் வர வேண்டும்.

அடுத்தது, பக்கவாட்டில் சாய்கிற வீல். 2003-ல் மைக்ரோசாஃப்ட் மவுஸ்களில் வந்தது. இடது பக்கம் சாய்த்தால் தாள் இடதாகவும், வலது பக்கம் சாய்த்தால் வலதாகவும் நகரும். வருகைப் பதிவு, மதிப்பெண் பட்டியல் என்று அகலமான தாள் வைத்திருக்கிற பள்ளி அலுவலகங்களுக்கு உதவும். ஆனால் சாய்கிற வீலை நேராகக் கீழே அழுத்துவது சிரமம், நடுக்கிளிக் செய்யப் போய்ப் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். சில மவுஸ்களில் கட்டை விரலுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு வீல் கொடுத்திருக்கிறார்கள். பக்கவாட்டு வேலை நிறைய இருந்தால் அது இன்னும் வசதி. ஆப்பிளின் மேஜிக் மவுஸில் வீலே கிடையாது, மேல்பரப்பில் விரலைத் தடவினால் போதும். படி தெரியாது என்பதால் பழக நாளாகும்.

சரி, இதையெல்லாம் கேட்டதும் பர்ஸை எடுத்துவிடாதீர்கள். கையில் இருக்கிற மவுஸிலேயே செலவில்லாமல் செய்யக்கூடியது நான்கு இருக்கிறது.

ஒன்று, செட்டிங்ஸில் மவுஸ் பகுதிக்குப் போய், ஒரு படிக்கு மூன்று வரி என்பதை ஆறு என்றோ பத்து என்றோ மாற்றுங்கள். முன்பு சொன்ன 200 இழுப்பு, ஆறு வரி வைத்தாலே 100 ஆகிவிடும். இரண்டு, இணையப் பக்கத்திலோ எக்ஸெலிலோ வீலை ஒரு முறை அழுத்திவிட்டு மவுஸைக் கொஞ்சம் கீழே நகர்த்துங்கள். பக்கம் தானாக ஓடும். எவ்வளவு தள்ளி வைக்கிறீர்களோ அவ்வளவு வேகம், மறுபடி கிளிக் செய்தால் நின்றுவிடும். மூன்று, ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு உருட்டினால் பிரவுசர்களில் பக்கம் பக்கவாட்டில் நகரும். எக்ஸெலின் புதிய பதிப்புகளில் கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நான்கு, எக்ஸெலில் கன்ட்ரோலும் எண்டும் அழுத்தினால் பட்டியலின் கடைசிக்கே போய்விடலாம். இந்த நான்கையும் பழகிப் பாருங்கள். விரல் வலி போய்விட்டால் உங்களுக்குப் புது மவுஸ் தேவையில்லை. அரசு கொடுத்த லேப்டாப்பில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சாதாரண மவுஸும் இந்த நான்கும் போதும்.

இதற்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால், தருமபுரிக்கோ சேலத்துக்கோ போகும்போது உங்கள் நீளமான ஃபைல் ஒன்றைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோங்கள். கடையில் காட்சிக்கு வைத்திருக்கிற மவுஸில் அதைத் திறந்து உருட்டிப் பாருங்கள். மெதுவாக ஒவ்வொரு படியாக உருட்டும்போது, விரலில் தெரிகிற ஒவ்வொரு படிக்கும் திரையும் நகர்கிறதா? வேகமாக ஓடவிட்டு விரலை வைத்தால் உடனே நிற்கிறதா? வீலை அழுத்துவது சுலபமா? சில மவுஸ்களில் வீலை அழுத்தினால் படியிலிருந்து ஓட்டத்துக்கு மாறிவிடும். அப்படியானால் நடுக்கிளிக்குக்கு வேறு பட்டன் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசியாக, அதன் வசதிகளை மாற்றத் தனி சாஃப்ட்வேர் போட வேண்டுமா என்று கேளுங்கள். அலுவலகக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் புதிதாக எதையும் ஏற்ற அனுமதி இருக்காது. அங்கே அந்த மவுஸுக்குப் பாதி வேலைதான் தெரியும். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், திருப்பிக் கொடுக்கிற வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு விஷயம். "கீழே உருட்டினால் மேலே குதிக்குதுங்க" என்று சொல்லி மவுஸைத் தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம். வீலின் அச்சில் என்கோடர் என்ற சின்னப் பாகம் இருக்கிறது. அதற்குள் இரண்டு தொடர்புகள், ஒன்று முன்னும் ஒன்று சற்றுப் பின்னுமாக ஒட்டிப் பிரியும். எது முந்துகிறது என்பதை வைத்துத்தான் மேலா கீழா என்று கம்ப்யூட்டர் அறிகிறது. ரோட்டோரக் கடையில் தூசி ஏறி, அல்லது பாகம் தேய்ந்து, அந்த வரிசை குழம்பினால் பக்கம் குதிக்கும். வயரைப் பிடுங்கிவிட்டு அல்லது பேட்டரியைக் கழற்றிவிட்டு, வீல் இடுக்கில் காற்றடித்துப் பாருங்கள். சரியாகாவிட்டால், திறந்து காண்டாக்ட் கிளீனர் விடத் தெரிந்தவரிடம் கொடுங்கள். என்கோடரை மட்டும் மாற்றவும் முடியும், உயரம் பொருந்த வேண்டும். சில மவுஸ்களில் தொடர்புக்குப் பதிலாக அகச்சிவப்பு ஒளியை வைத்து எண்ணுகிறார்கள். அதில் உரசித் தேயும் தொடர்பு இல்லை. நாள் முழுக்க உருட்டுகிறவர்கள் வாங்கும்போது இதையும் கேட்கலாம்.

சுருக்கமாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். படம், பத்திரிகை, டிசைன் வேலை என்றால் படி தெளிவாகத் தெரிகிற வீல். நீளமான பட்டியல், வில்லங்கம், நூற்றுக்கணக்கான பக்கம் என்றால் தடையில்லாமல் சுழலும் வீல். அதுவே தானாக மாறினால் நல்லது, பட்டன் வைத்தது என்றாலும் பாதகமில்லை. அகலமான தாள் என்றால் சாய்கிற வீல் அல்லது கட்டைவிரல் வீல். எப்போதாவது விண்ணப்பம் போட மட்டும் என்றால், இருக்கிற மவுஸே போதும்.

கடையில் எல்லாரும் ஒரே மவுஸைப் பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரே ஒரு நல்ல மவுஸ் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், அதை முதலாளி மேசையில் வைக்காதீர்கள். வில்லங்கம் பார்க்கிறவரின் மேசையில் வையுங்கள். அதிகம் உருட்டுகிறவர் அவர்தான்.