தேய்ந்த கதவுக் கீலும் லேத் பட்டறைக் கைவேலையும்

கார்க் கதவின் எடை முழுவதையும் இரண்டு கீல்களும், அவற்றுக்குள் நிற்கும் விரல் தடிமன்கூட இல்லாத பின்களும் தாங்குகின்றன. மேல் கீல் வெளியே இழுபடும். கீழ்க் கீல் உள்ளே அழுந்தும். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் பின்னும் துளையும் உரசுவதால், வட்டத் துளை நாளடைவில் முட்டை வடிவமாகிவிடுகிறது. கீல்களுக்கு நடுவே 40 செ.மீ. இடைவெளி, கதவின் நீளம் 1 மீட்டர் என்றால், கீலில் ஏற்படும் 1 மி.மீ. ஆட்டம் பூட்டுப் பக்கத்தில் இரண்டரை மி.மீ. இறக்கமாகத் தெரியும். கதவைத் தூக்கிப் பிடித்துச் சாத்த வேண்டியிருப்பது இதனால்தான்.

பசியாவரம் முதலான பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களில் தேய்மானத்தோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. கடல்நீர் வந்து கலக்கும் ஏரி அது. இறாலும் நண்டும் மடவையும் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகிய மீன்தண்ணீர் கதவோரம் வடியும். கிரீஸ் வற்றிய துளைக்குள் உப்பு ஈரம் புகுந்தால், அங்கே உண்டாகும் துருத்தூளே அரம் போலப் பின்னை அராவிவிடும்.

புதுக் கீல் வாங்கி மாட்டுவது எல்லா வண்டிக்கும் நடக்காது. வண்டலூர் அருகே 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்குப் பாகம் செய்ய இன்று ஆலையே இல்லை. அம்பாசடர் தயாரிப்பும் 2014இல் நின்றுபோனது. சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டியில் கழற்றிய கீல் கிடைக்கலாம். அதுவும் ஓடித் தேய்ந்த கீல்தான். ஆகவே லேத் பட்டறைக்குப் போவதே வழி.

இந்த வேலையின் சிறப்பு புஷ்ஷில், அதாவது துளைக்குள் செருகும் சிறு குழாயில், இருக்கிறது. பல பழைய கீல்களில் இரும்புத் துளைக்குள் இரும்புப் பின் நேரடியாக ஓடும். தேய்ந்தால் கீலே போயிற்று. பட்டறைக்காரர் துளையைப் பெரிதாக்கி, அதில் மென்மையான உலோகத்தில் ஒரு புஷ் இறக்குகிறார். இனிப் பெரும்பாலும் தேய்வது புஷ்தான். சில ஆண்டுகள் கழித்து அதைத் தட்டி எடுத்து வேறொன்று போடலாம். ஆலையில் வந்த கீலைவிட இது மேலான ஏற்பாடு என்று தயங்காமல் சொல்லலாம்.

புஷ்ஷுக்கு ஏற்றது கன்மெட்டல்: செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 விழுக்காடு சேர்ந்த கலவை. பின்னுக்கு இ.என்.8 எஃகு போதும். உப்புக் கரையில் ஸ்டெயின்லெஸ் இன்னும் நல்லது. நைலான் புஷ் துருப்பிடிக்காது, சத்தமும் போடாது. ஆனால் ஈரம் குடித்து உப்பி, பின்னை இறுக்கிவிடும். ஏரிக்கரைக்கு அது ஒத்துவராது. கன்மெட்டலிலும் ஒரு குறை உண்டு. உப்பு ஈரம் பட்டால் பக்கத்து இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கும். உராய்வோடு இந்த ஈரத்தையும் தடுக்கப் புஷ்ஷின் உள்சுவரில் கிரீஸ் நிற்க ஒரு காடி வெட்டுகிறார்கள்.

கழற்றும் முன் கதவுக்கடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்க வேண்டும். கீல் நின்ற இடத்தைச் சுற்றிக் கோடு கீற வேண்டும். இறுகிய பின்னில் இரவே டீசல் விட்டு ஊறவைத்தால் காலையில் சுத்தியலுக்கு அசைந்து கொடுக்கும். துளையின் அளவை வெர்னியரில் எடுக்க வேண்டும். 8 மி.மீ. துளை முட்டையாகியிருந்தால் ரீமர் போட்டு 10 மி.மீ. வட்டமாக்கி, அதைவிட 0.02 மி.மீ. பெரிதாகப் புஷ்ஷைக் கடைந்து வைஸில் அழுத்தி ஏற்றுவார்கள். பின் தளராமல், இறுகாமல், கையால் சுற்றும்போது வழுக்கிக்கொண்டு போக வேண்டும். புஷ் போடாமல் தடித்த பின்னை அடித்து ஏற்றுவதும், துளையை வெல்டிங்கால் அடைப்பதும் வேலையே அல்ல. அப்படிச் செய்த கதவு சில மாதங்களில் மறுபடி தொங்கும்.

கீலின் தகடே விரிசல் விட்டிருந்தால் கதை வேறு. கதவுக் கீல்கள் பற்றிய ஐ.நா. 11ஆம் விதிமுறை சுமார் 11,000 நியூட்டன், அதாவது ஒரு டன்னுக்கும் மேற்பட்ட நெடுக்கு இழுவையைக் கீல்கள் தாங்க வேண்டும் என்கிறது. மோதலில் கதவு பிய்த்துக்கொண்டு திறந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். வெட்டி ஒட்டிய தகட்டை அந்த அளவுக்கு நம்ப முடியாது. பின்னும் புஷ்ஷும் பட்டறையில் செய்யலாம். தகடு மட்டும் நல்ல நிலையிலுள்ள வேறொரு கீலிலிருந்தே வர வேண்டும். மாட்டிய பிறகு, மீன் ஏற்றிய நாளெல்லாம் கதவோரத்தை நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் வற்றாமல் பார்த்துக்கொண்டால் புஷ் நெடுநாள் உழைக்கும்.