நம் காலடியில் எண்ணெய் உண்டா?

(மீஞ்சூர் வட்டார ஊராட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்திய உரை)



இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வழியே போய் வரும் நாம் அனைவரும் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை அறிவோம். 1969இல் ஆண்டுக்கு 25 இலட்சம் டன் ஆற்றலுடன் தொடங்கிய அவ்வாலையின் ஆற்றல் இன்று 1 கோடியே 5 இலட்சம் டன். அங்கே தூய்மையாகும் கச்சா எண்ணெயில் பெரும்பகுதி கப்பலேறி வருவது. "ஆலை நம் ஊரில், எண்ணெய் மட்டும் ஏன் அயல்நாட்டிலிருந்து வரவேண்டும்? நம் மண்ணுக்கடியில் இல்லையா?" என்று நம்மிற் பலர் கேட்பது இயல்பே.

எண்ணெய் பாதாளத்தில் ஏரிபோல் தேங்கிக் கிடப்பதன்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நீரடியில் படிந்த நுண்ணுயிர்கள் சேற்றோடு புதைந்து, ஆழத்தின் வெப்பத்தால் எண்ணெயாகின்றன. வெப்பம் குறைந்தால் எண்ணெய் உண்டாகாது, மிகுந்தால் வாயுவாகிவிடும். உண்டான எண்ணெய் மணற்கல்லின் நுண்துளைகளில் ஏறித் தங்கவேண்டும். களிப்பாறை அதற்கு மூடியாக வேண்டும். பாறைகள் மடிந்தோ முறிந்தோ அதனைச் சிறைப்படுத்த வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் பயனில்லை.

சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலம் அண்டார்க்டிக்காவிலிருந்து பிரியத் தொடங்கியபோது, கிழக்குக் கரையோரம் பிளந்து பள்ளங்களாக இறங்கியது. ஆறுகளும் கடலும் அவற்றை மணலாலும் சேற்றாலும் நிரப்பின. காவிரிப் படுகை அவ்வாறு உண்டானதே. அங்கே 1960களிலேயே ஆழ்துளையிட்டனர். ஆயினும் நரிமணத்தில் எண்ணெய் கண்டது 1980களில்தான். 1993இல் நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் சிறு சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது. பொறுமையின்றி இத்துறையில் பலனில்லை என்பதற்கு இதுவே சான்று.

இனி நம் பகுதிக்கு வருவோம். சென்னையைச் சூழ்ந்த நிலமும் அதையடுத்த கடலும் பாலாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. திருப்பெரும்புதூர்ப் பக்கத்துப் பழைய பாறைகளில் செடிகளின் சுவடுகளும் கடல்வாழ் உயிர்களின் எச்சங்களும் கிடைத்துள்ளன. காவிரிப் படுகைக்கு இது உறவினரே. எனினும் வாணிக அளவில் எடுக்கத்தக்க எண்ணெய் இங்கே இதுவரை கண்டறியப்படவில்லை. உறவு இருப்பதனால் மட்டும் செல்வம் இருந்துவிடாது அல்லவா?

ஆனால் நம் காலடியில் உறுதியாக ஒரு செல்வம் இருந்தது. ஆரணியாறும் கொசத்தலையாறும் கொணர்ந்த மணலில் தேங்கிய நன்னீரே அது. ஆலைகளுக்கும் நகருக்கும் வேளாண்மைக்கும் அளவின்றி இறைத்ததால், 1960களின் இறுதியிலிருந்தே கடல்நீர் மீஞ்சூர்ப் பக்கம் உட்புகலாயிற்று. உவர்ந்துபோன கிணறுகளை நாம் கண்ணால் கண்டவர்கள். 2010இல் கடல்நீரைக் குடிநீராக்க நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆற்றலுள்ள நிலையத்தை இப்பகுதியிலேயே நிறுவ நேர்ந்தது.

எண்ணெய் தேடும் துளை எதுவாயினும் முதலில் இந்நன்னீர் மணலைக் கடந்தே ஆழத்திற்குச் செல்லவேண்டும். அவ்விடத்தில் எஃகுக் குழாய் இறக்கி, அதன் புறத்தே சிமெண்டு நிரப்பி நீரைக் காப்பது முறை. அக்காப்புத் தவறினால் இழப்பு ஊருக்கே. காவிரிப் படுகையின் வயல்களைக் காக்க 2020இல் தமிழகச் சட்டமன்றம் தனிச்சட்டமே இயற்றியது.

ஆகவே, எந்த ஊரில் துளையிட வந்தாலும், "நன்னீரை எவ்வாறு காப்பீர்? கழிவுநீரை எங்கே விடுவீர்? பணி முடிந்தபின் துளையை எவ்வாறு அடைப்பீர்?" என்று கிராம சபையில் கேட்போம். எண்ணெய் வேண்டாம் என்பதற்காக அன்று, எண்ணெய் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், நீரோ இன்றியமையாதது. அதனை அறிந்து கேட்கும் ஊரே தன் வளத்தைக் காக்கும் ஊராகும்.