கடைமடைக்கும் தண்ணீர் சேர வேண்டும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, "பொருளாதார நெருக்கடிக் காலத்தில் பள்ளிக் கல்வியின் தரத்தை உயர்த்துவது எப்படி" என்பது. கல்லூரி விழாவில் பள்ளிக்கூடத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். இங்கே முதலாம் ஆண்டில் வந்து உட்காரும் பிள்ளை என்ன தெரிந்துகொண்டு வருகிறது என்பதைப் பள்ளிக்கூடம்தான் தீர்மானிக்கிறது. அதனால் இது நம் வீட்டு விஷயமும்தான்.

நெருக்கடி என்றால் என்ன என்று நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2020-இல் கொரோனா வந்து தறியும் பீடியும் கட்டட வேலையும் ஒரே நாளில் நின்றதைப் பார்த்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தாமிரபரணி கரைபுரண்டு, வீட்டுச் சாமான்களோடு பிள்ளைகளின் புத்தகப் பையையும் கொண்டுபோனதைப் பார்த்தோம். 2024-இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு பெற்று மலையை விட்டு இறங்க வேண்டிய நிலை வந்தபோது, அவர்கள் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "பிள்ளைகள் படிப்பு என்ன ஆகும்?" என்பது.

இப்படிப்பட்ட நேரத்தில் தரத்தைப் பற்றிப் பேசினால், "முதல்ல வயித்தப் பாப்போம் வே, தரத்தைப் பொறவு பாப்போம்" என்று சொல்லுவார்கள். நியாயமான பேச்சுப் போலத்தான் தெரியும். ஆனால் நம் மாநிலத்தின் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது.

1950-களின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து மழை பொய்த்து, உணவுப் பஞ்சம், ரேஷன். சர்க்காரிடம் பணம் இல்லை, பள்ளிகள் போதாது, ஆசிரியர்கள் போதாது. 1953-இல் ராஜாஜி அரசு கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகள் ஒரு நாளைக்கு 3 மணி நேரம் மட்டும் முறை வைத்துப் பள்ளிக்கு வருவது, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகுவது. இருக்கிற கட்டடத்திலும் இருக்கிற ஆசிரியரைக் கொண்டும் இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது கணக்கு. எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. ஒரு பொறியாளனாக நான் கவனிப்பது, பணம் குறைந்தபோது எதைக் குறைத்தார்கள் என்பதை. பிள்ளையின் படிப்பு நேரத்தைக் குறைத்தார்கள்.

1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே அந்தத் திட்டம் திரும்பப் பெறப்பட்டது. கஜானா அப்போதும் அதே கஜானாதான். ஆனால் 1955-இல் உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றையும் சேர்த்துத் தரும் முப்பயன் திட்டம் வந்தது. வயோதிகத்தில் கஞ்சிக்கு என்ன செய்வோம் என்ற கவலை இல்லாத ஆசிரியர்தான் கரும்பலகையில் மனசை வைக்க முடியும்.

மதிய உணவுக் கதை உங்களுக்கெல்லாம் தெரியும். சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் கார் நின்றபோது மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்துக் காமராஜர், "ஏன் பள்ளிக்கூடம் போகலை?" என்று கேட்டார், அவன் "போனா சோறு போடுவீயளா?" என்று திருப்பிக் கேட்டான் என்று நம் ஊரில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கதை எப்படியோ, 1956-இல் எட்டயபுரத்தில் திட்டம் தொடங்கியது வரலாறு. எட்டயபுரம் அன்றைக்கு நம் திருநெல்வேலி மாவட்டம். 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்த பிறகுதான் அது அந்தப் பக்கம் போனது.

அந்த உணவின் கணக்கைப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 10 காசு. அரசு 6 காசு, ஊர் 4 காசு. அந்த 4 காசுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரிசி கொடுத்தவர், விறகு கொடுத்தவர், காய் கொடுத்தவர் எல்லாரும் மறுநாள் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்து எட்டிப் பார்ப்பார்கள். வாத்தியார் வந்தாரா, பிள்ளைகள் படிக்கிறதா என்று கேட்பார்கள். பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தியதும் இந்த வழியில்தான். ஊர்க்காரர்கள் பெஞ்சு, கடிகாரம், மணி, கரும்பலகை, தண்ணீர்ப் பானை, நிலம் என்று தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். சர்க்கார் பள்ளிக்கூடம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஆனது.

இதெல்லாம் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. பள்ளிக்குள் வந்தாலே படிப்பு வந்துவிடுமா என்பது அடுத்த கேள்வி. அங்கேதான் நாம் இன்று நிற்கிறோம்.

முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் ஒரு தாயார் ஒருமுறை என்னிடம் சொன்னார்கள்: "தம்பி, இவன் எட்டாங் கிளாஸ் பாஸுன்னு சொல்லுதாவ. சங்கத்துல இருந்து வந்த காயிதத்தைப் படிலேன்னா எழுத்துக்கூட்டி முழிக்கான். நான் நாளைக்கு ஆயிரம் பீடி சுத்தி எதுக்கு இவனை அனுப்புதேன்?" தரம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

நாம் ஆற்றங்கரைக்காரர்கள். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள் இருக்கின்றன. பாபநாசத்தில் தண்ணீர் திறந்தால் தலைமடைக்காரருக்குக் கவலையில்லை. பிசானம் விளைந்ததா என்று பார்க்க வேண்டுமானால் கடைமடை வயலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைத்து, ஆள் நின்று, கடைமடைக்குக் கொண்டுசேர்த்தால்தான் அது நிர்வாகம். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். மாவட்டத்தில் முதல் மதிப்பெண் யார் என்று மட்டும் பார்க்கிறோம். கடைசி பெஞ்சுப் பையனுக்கு வாசிக்க வருகிறதா என்று பார்ப்பதில்லை.

கொரோனா காலம் இதற்கு ஒரு பரீட்சை வைத்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஏறக்குறைய 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் படித்துவிட்டு வீட்டிலிருந்த பெண்கள், மாலை நேரத்தில் திண்ணையிலும் கோவில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை.

அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி மூடியதால் ஏற்பட்ட இழப்பு மிகப் பெரிது, கணக்கில் இன்னும் பெரிது. ஆனால் பள்ளி திறந்த 6 மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடு செய்யப்பட்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. இழப்பு ஏழைப் பிள்ளைகளுக்கு அதிகமாக இருந்தது, மீட்சியும் அவர்களுக்கே அதிகமாக இருந்தது. கடைமடைக்குத் தண்ணீர் போயிருக்கிறது! இதற்கு மாளிகை கட்டவில்லை. பிள்ளைக்கு எது தெரியவில்லையோ அதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருந்தது.

2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் இந்தப் பாடத்தைத்தான் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. 1 முதல் 3 வரை படிக்கும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தே வரவில்லை என்றால், மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எத்தனை தரம் நடத்தினாலும் பயன் இல்லை அல்லவா?

இதில் நமக்கு ஒரு பழைய பெருமையும் உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருப்பான். படித்த பையன் படிக்காத பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1790-களில் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தம் பள்ளியில் கைக்கொண்டார். மாணவர்களையே மாணவர்களுக்கு ஆசிரியர்களாக வைத்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. காசில்லாத ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த முறை. அதை ஏற்றுமதி செய்துவிட்டு நாம் மறந்துபோனோம்.

இப்போது நம் கல்லூரிக்கு வருகிறேன். 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. கட்டணத்தை அரசே கட்டுகிறது. நல்ல காரியம். ஆனால் இடம் கிடைப்பது ஒன்று, முதல் செமஸ்டர் கணக்கில் தேறுவது இன்னொன்று. ஆறாம் வகுப்பில் பின்னம் புரியாமல் விட்டவனுக்கு இங்கே இன்டக்ரேஷன் எப்படிப் புரியும்? அரியர் மேல் அரியர் விழுந்து ஊருக்குத் திரும்பிய தம்பிமார்களை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, வெள்ளிவிழா வளைவு, கிரானைட் கல்வெட்டு, பெயர் பொறித்த மேடை இவற்றைச் சில வருஷங்களுக்குத் தள்ளிவைப்போம். அந்தப் பணத்தில் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகள் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, சனிக்கிழமை வகுப்புகளுக்குப் போகும் நம் மாணவர்களுக்குப் பஸ் செலவும், பிள்ளைகளுக்குச் சுண்டலும், வாசிப்புப் புத்தகங்களும் கொடுப்போம்.

இரண்டாவது, 2024-இல் மாற்றியமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. நீங்கள் படித்த ஊர்ப் பள்ளியின் குழுவில் போய் உட்காருங்கள். சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் போன் போட்டாவது, "அஞ்சாம் வகுப்புல எத்தனை பேருக்கு வாசிக்க வருது?" என்று கேளுங்கள். கேட்க ஆள் இருந்தாலே பாதி வேலை நடக்கும்.

மூன்றாவது, முதலாம் ஆண்டு சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்லூரி திறந்த முதல் மாதமே கணக்கிலும் ஆங்கிலத்திலும் இணைப்பு வகுப்பு. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நடத்தட்டும், ஆசிரியர்கள் மேற்பார்வை பார்க்கட்டும். நம் சட்டாம்பிள்ளை முறைதான்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. சனிக்கிழமை சொல்லிக்கொடுக்கிற மாணவர் ஒருநாளும் ஆசிரியருக்கு ஈடாக மாட்டார். "அதான் தன்னார்வலர்கள் இருக்காங்களே" என்று காலிப் பணியிடங்களை அப்படியே விட்டுவைத்தால், நாமே தரத்துக்குக் குழி தோண்டியவர்கள் ஆவோம். ஊர் தன் 4 காசைப் போட வேண்டும், அரசு தன் 6 காசைப் போட்டே தீர வேண்டும். அரசின் பங்கைக் கேட்டு வாங்குவதும் நம் வேலைதான்.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் வீட்டிலிருந்து பணம் வராத மாதம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள். வாரம் இரண்டு மணி நேரம் கொடுங்கள். ஒரு வருஷத்தில் ஒருவர் ஐந்து பிள்ளைகளுக்குச் சரளமாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் நிதியறிக்கை வாசிப்பது போல, எத்தனை பிள்ளைகள் வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்ற கணக்கையும் செயலாளர் இந்த மேடையில் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சாப்பிடப் போகும் முன் அதில் எழுதிவிட்டுப் போங்கள்.