கழுத்தில் எழும் பட்டைகள்

மட்டாஞ்சேரி அரண்மனையைக் காணாத கொச்சித் தமிழர் மிகச் சிலராகவே இருப்பர். 1555ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்ததும், பின்னர் டச்சுக்காரர் செப்பனிட்டதுமான அம்மாளிகையின் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பெற்றிருக்கின்றன. நம் நாட்டுச் சிற்பிகளும் ஓவியர்களும் கழுத்தைச் சங்குக்கு ஒப்பிட்டார்கள். கழுத்தின் குறுக்கே ஓடும் மூன்று வரைகளை உத்தம இலட்சணமாகக் கொண்டார்கள். அந்தக் குறுக்கு வரைகளைக் குறித்து நமக்கு இன்று பேச்சில்லை. தாடையின் கீழிருந்து காறை எலும்பை நோக்கி, கயிற்றை இழுத்துக் கட்டினாற்போல் நெடுக்காக எழுந்து நிற்கும் பட்டைகளைக் குறித்தே பேசப்போகிறோம்.

நேயர்களே, இவற்றை நம்மவர் 'கழுத்து நரம்பு புடைத்துவிட்டது' என்று சொல்வது வழக்கம். உண்மையில் இவை நரம்பும் அல்ல, இரத்தக் குழாயும் அல்ல, தசை. மார்பின் மேற்பகுதியில் தொடங்கிக் கழுத்தின் முன்புறத்தை ஒரு மெல்லிய துணிபோல் மூடிக்கொண்டு தாடை வரையில் ஏறும் இத்தசைக்கு வைத்திய நூல்கள் 'பிளாடிஸ்மா' என்று பெயர் சொல்லும். தோலை ஒட்டியே கிடப்பது இதன் தனித்தன்மை. மாட்டின் மேல் ஈ உட்கார்ந்தால், அது வாலை வீசுமுன்னரே தோல் மட்டும் சிலிர்த்து ஈயை ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறு தோலை அசைக்கும் தசை இனத்தில் மனிதனிடம் எஞ்சியுள்ளவற்றுள் இதுவும் ஒன்று. கண்ணாடியின் முன் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, வாயை இருபுறமும் இழுத்து 'ஈ' என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள். இளைஞர் கழுத்திலும் அது எழுந்து நிற்கும்.

வயது ஏற ஏற, வாயை இழுக்காத போதும் அது தெரியத் தொடங்குகிறது. தோல் மெலிகிறது, அடியிலுள்ள கொழுப்புக் குறைகிறது. ஆகவே ஒல்லியானவர்களிடம் முன்னதாகவே தோன்றும். வெயிலில் உழைப்போரின் தோல் இன்னும் விரைவாகத் தளர்கிறது. வேளியில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து உலர்த்தும் நம் தமிழ் மக்களுக்கு இதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தசை தளர்ந்து தொங்குவதே காரணம் என்று வைத்தியர்கள் நெடுநாள் எண்ணியிருந்தனர். முகவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஒரு கட்டுரை வேறொன்றைக் காட்டிற்று. செயலிழந்த பக்கத்தில் பட்டை இல்லை. செயல்படும் பக்கத்திலேதான் இருந்தது. அப்படியானால் ஓயாமல் சுருங்கும் தசையே பட்டையாக எழுகிறது என்றாகிறது. ஊசி மருந்து ஏன் பலன் தருகிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

ஊசியைப் பற்றிச் சொல்லுமுன் ஓர் எச்சரிக்கை. கழுத்தில் புடைப்பது எல்லாம் பட்டை அன்று. விழுங்கும்போது மேலும் கீழும் நகரும் வீக்கம் தைராய்டு சுரப்பியினுடையதாக இருக்கலாம். ஒரு பக்கத்தில் மட்டும் தோன்றி மூன்று வாரமாகியும் கரையாத கட்டி, குரல் மாற்றம், விழுங்குவதில் தடை, தலை ஒரு பக்கமாகவே இழுத்துக்கொள்வது ஆகியவற்றுள் எது இருந்தாலும் அழகு நிலையத்தின் படியேறாதீர்கள். கருவேலிப்படி தாலுக்கா மருத்துவமனைக்கோ எறணாகுளம் பொது மருத்துவமனைக்கோ செல்லுங்கள்.

இனி ஊசி. 1895ஆம் ஆண்டு டிசம்பரில், பெல்ஜியம் நாட்டு எல்லெசெல் என்னும் சிற்றூரில் ஒரு சாவு வீட்டுக்கு வாத்தியம் வாசிக்கச் சென்ற குழுவினர் கெட்டுப்போன பன்றியிறைச்சியை உண்டார்கள். கண் மங்கிற்று, தொண்டை அடைத்தது, மூவர் இறந்தனர். அந்த இறைச்சியில் விஷத்தை உண்டாக்கிய கிருமியை வான் எர்மெங்கெம் என்பவர் கண்டறிந்தார். தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்பின் கட்டளையை நரம்பின் நுனியிலேயே தடுத்துவிடும் அந்த பொட்டுலினம் விஷந்தான், மிகச் சிறிய அளவில், இன்று மருந்தாகியிருக்கிறது. முதலில் மாறுகண்ணுக்குப் பயன்பட்டது. அதற்கு 1989இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. புருவ நடுச் சுருக்கத்துக்கு 2002இல் அனுமதியாயிற்று. கழுத்துப் பட்டைக்கு வைத்தியர்கள் பல்லாண்டுகளாகத் தம் பொறுப்பிலேயே போட்டு வந்தார்கள்; அங்கே முறைப்படி அனுமதி வந்தது 2024 அக்டோபரில்தான்.

பட்டையின் நெடுகிலும் சிற்சில இடங்களில் மெல்லிய ஊசியால் மருந்தைச் செலுத்துவார்கள். சில நாளில் தசை தளர்ந்து, இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். மூன்று நான்கு மாதத்தில் பழையபடி ஆகிவிடும்; மீண்டும் போடவேண்டும். தொங்கும் தோலையோ கொழுப்பையோ இம்மருந்து ஒன்றும் செய்யாது. மருந்து ஆழமாகப் போனாலோ அளவு மிஞ்சினாலோ, அடியிலுள்ள தொண்டைத் தசைகளையும் அது தளர்த்திவிடும். சோறு இறங்காது, குரல் கம்மும், படுக்கையிலிருந்து தலையைத் தூக்க இயலாது. நரம்பு-தசை நோய் உள்ளவர்களும், கருவுற்ற பெண்களும், பாலூட்டும் தாய்மாரும் இதைத் தவிர்க்கவேண்டும். 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் போலி மருந்தாலும், தகுதியற்றவர் கையால் போட்டுக்கொண்ட ஊசியாலும் பெண்கள் சிலர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. பாதி விலைக்கு ஊசி என்று எவரேனும் அழைத்தால், குறைந்தது விலை மட்டுந்தானா என்று கேட்டுவிடுங்கள்.

மின்னலைகளாலும் ஒலியலைகளாலும் சூடேற்றித் தோலை இறுக்கும் கருவிகள் உண்டு. தோல் சிறிது இறுகும்; தசைப் பட்டை அப்படியே இருக்கும். பூச்சுத் தைலங்களைப் பற்றிப் பேச நேரமில்லை. தோலின் மேல் பூசுவது தசையைப் போய்ச் சேராது.

தோல் மிகத் தளர்ந்தவர்களுக்கு உள்ளது ரண சிகிச்சை. பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் ஏதோ பொம்மைப் பொருளைத் தோலுக்குள் வைப்பார்கள் என்று அஞ்சுவோர் இன்றும் உண்டு. அச்சொல்லின் பொருள் உருவமைத்தல் என்பதே. முகவாய்க்கட்டையின் அடியில் ஒரு சிறு கீறல். அதன் வழியே பிரிந்து நிற்கும் தசையின் இரண்டு ஓரங்களையும் நடுவில் கூட்டித் தைத்துவிடுவார்கள். அமெரிக்க வைத்தியர் ஜோயல் ஃபெல்ட்மன் 1990இல் வெளியிட்ட முறையில் இத்தையல் மேலிருந்து கீழாக ஒரே தொடராகச் செல்கிறது. ரவிக்கையின் முன்புறத்தை நாடாவால் இறுக்கிக் கட்டுவது போல. தோலும் தளர்ந்திருந்தால் காதின் பின்புறமும் கீறி மிகுதியை அகற்றுவார்கள். பலன் ஆண்டுக்கணக்கில் நிற்கும், முதுமையோ நிற்பதில்லை.

நம் எண்ணத்தில், தோல் இறுகியிருக்கும் நாற்பது வயதுக்காரருக்குக் கத்தி வேண்டாம். தோல் தொங்கும் அறுபது வயதுக்காரருக்கு நான்கு மாதத்துக்கொருமுறை ஊசி என்பது கடலில் கரைத்த பெருங்காயம். இரண்டுமே வேண்டாம் என்றிருப்பதும் முழுமையான ஒரு வழிதான். அந்தப் பட்டைகளால் உடலுக்கு யாதொரு கேடும் இல்லை. நம்மவரிற் பலர் நகையை அடகு வைத்தே பெருஞ்செலவு செய்பவர்கள். அழகுக்காகச் செய்யும் சிகிச்சையை நம் நாட்டு மருத்துவ இன்ஷூரன்ஸ் பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் முன்னரே தெரிந்துகொள்ளவேண்டும்.

செய்துகொள்வதென்று துணிந்தவர் வைத்தியரின் பட்டத்தைக் கேட்கத் தயங்கவேண்டாம். கத்தி பிடிப்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். போன்ற உயர்பட்டம் பெற்றவராகவும், மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவராகவும் இருத்தல் வேண்டும். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரைகளை நீங்களே நிறுத்தாதீர்கள். வைத்தியர் சொன்னபின் நிறுத்துங்கள். கொச்சியில் கஷாயமும் லேகியமும் சாப்பிடாத வீடு அரிது. அவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். புகைப்பவர்களுக்குத் தோல் ஆறுவது கடினம். சில வாரங்கள் முன்பிருந்தே புகையை விட்டாகவேண்டும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் அதையும் சொல்லவேண்டும். ஒப்புதல் பத்திரம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர்கள் நம்மில் பலர் உண்டு. யாரையாவது வரி வரியாகப் படிக்கச் செய்து, கேட்ட பின்னரே கையெழுத்திடுங்கள்.

மிகவும் கவனிக்கவேண்டியது முதல் இருபத்துநான்கு மணி நேரம். உள்ளே இரத்தம் கசிந்து கட்டினால் கழுத்தின் ஒரு பக்கம் திடீரென்று இறுகி வீங்கும், வலி கூடும். முற்றினால் மூச்சும் திணறும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆண்களுக்கும் இந்த அபாயம் அதிகம். விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குத் திரும்பவேண்டும். அண்ணன் தம்பி எல்லாரும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் இருக்க, இங்கே தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், ஊரிலிருந்து ஒருவர் வந்து உடனிருக்கக்கூடிய வாரமாகப் பார்த்துச் சிகிச்சைக்குத் தேதி குறித்துக்கொள்ளவேண்டும்.