வட்டிக்கு வட்டியாய் ஏறும் விலை

நெடுந்தீவுக் கடையிலுள்ள அரிசி மூட்டை குறிகட்டுவான் துறையிற் படகேறி வந்தது. நயினாதீவுக்கும் அதுவே வழி. ஊர்காவற்றுறைக்கோ தரைவழி உண்டு. வருகிற ஆண்டு என்ன விலை விற்கும் என்னும் கேள்வி இத்தீவுகளில் வெறும் பேச்சன்று. படகு இயந்திரத்துக்குக் கடன் எடுப்பவனுக்கும், மகளின் கலியாணத்துக்குச் சீட்டுக் கட்டுபவளுக்கும் அது வாழ்வுப் பிரச்சினை.

விடை காணப் பள்ளிக்கூடத்துக் கூட்டுவட்டிக் கணக்கே போதும். 100 ரூபாப் பொருள் இரண்டு ஆண்டில் 144 ரூபா ஆயிற்று என்று கொள்க. ஏற்றம் 44, ஆகவே ஆண்டுக்கு 22 வீதம் என்பர் பலர். அது பிழை. முதலாண்டில் 120; மறு ஆண்டில் அந்த 120 ரூபாவுக்கு 20 வீதம், அதாவது 24 ரூபா. எனவே உண்மை வீதம் 20. பிந்திய விலையை முந்திய விலையால் வகுத்தால் 1.44, அதன் வர்க்கமூலம் 1.2. மூன்று ஆண்டாயின் கனமூலம் காணவேண்டும். இலங்கை மத்திய வங்கி இலக்காகக் கொண்ட 5 வீதமும் இவ்வாறே வளரும்: பத்தாண்டில் 100 ரூபா 150 அன்று, 163 ஆகும்.

சென்றதைக் கணிப்பது எளிது. வருவதைக் கணிப்பதிலேதான் ஆபத்து. 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஓராண்டு ஏற்றம் 69.8 வீதம். 100 ரூபாச் சாமான் 170 ரூபா ஆயிற்று. அதே வீதத்தை மேலும் ஓராண்டுக்கு நீட்டியவர் 288 என்று கண்டிருப்பார். ஆனால் 2023 செப்டெம்பரில் ஏற்றம் 1.3 வீதமே, தொகை ஏறத்தாழ 172. இரண்டாண்டுக்கும் சேர்த்துக் கூட்டுவீதம் கண்டால் ஆண்டுக்கு 31 வரும். அவ்விரண்டில் எந்த ஆண்டும் அப்படி ஏறவில்லை! வீதம் விழுந்ததே தவிர விலை விழவில்லை என்பதையும் மறத்தலாகாது.

தனிப்பொருளின் போக்கு இன்னும் கரடுமுரடானது. சிறு மீன்பிடிப் படகுகளுக்கு வேண்டிய மண்ணெண்ணெய், 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குப் பாய்ந்தது. 2024 ஒக்டோபரில் 183க்கு இறங்கிற்று. இப்பாய்ச்சலை எந்தச் சூத்திரம் முன்னறிந்து சொல்லும்?

மேலும், கொழும்புக் குடும்பங்களின் செலவை வைத்து அமைந்த சுட்டெண்ணில் நெடுந்தீவுப் படகுக்கூலிக்கு இடமில்லை. தீவிலே கணக்குப் பார்ப்போர் திகதி, விலை, கூலி மூன்றையும் மாதந்தோறும் தம் கொப்பியில் எழுதிவருதல் வேண்டும். பின்னர், குறைந்த வீதம் ஒன்று, கூடிய வீதம் ஒன்று என இரண்டுக்கும் தொகை காணலாம். இயந்திரக் கடனுக்குக் கையொப்பம் இடுமுன், அந்தக் கூடிய விலையில் எண்ணெய் வாங்கியும் தவணைப்பணம் மிஞ்சுமா என்று பார்த்துக்கொள்வது நன்று.