மான்செஸ்டர்: ஓர் ஊர்ப்பெயரின் பல பொருள்கள்

இங்கிலாந்தின் வடமேற்கில், இர்வெல் ஆற்றோடு மெட்லாக் கூடும் இடத்தருகே, கி.பி. 79ஐ ஒட்டி உரோமானியர் எழுப்பிய கோட்டை மாமூசியம் எனப்பட்டது. மான்செஸ்டர் என்னும் பெயருக்கு மூலமான அப்பெயரின் முற்பகுதி முலை வடிவக் குன்றைக் குறிக்கும் பழம் பிரிட்டானியச் சொல்லிலிருந்து வந்தது என்பர் ஒரு சாரார். தாயெனப் போற்றப்பட்ட ஆற்றுத்தெய்வத்தைக் குறிக்கும் என்பர் மற்றொரு சாரார். பின்னொட்டாகிய 'செஸ்டர்' கோட்டை சூழ்ந்த ஊரைச் சுட்டும். ஆனால், இவ்வாராய்ச்சி எதையும் அறியாத மக்களே இப்பெயருக்கு மிகுதியான பொருள்களை வழங்கினர் என்பதும், அவற்றுள் பலவற்றைக் கடல் கடந்து கொண்டுசென்றது அந்நகரின் பெருந்தொழிலான பருத்தித்துணியே என்பதும் கருதத்தக்கவை.

ஜெர்மன், சுவீடிய மொழிகளில் 'மான்செஸ்டர்' என்பது கார்டுராய், அதாவது நெடுக வரிவரியாக மேடுகள் எழுந்த தடித்த பருத்தித்துணி. ஊடையிழைகளில் ஒரு பகுதியை மேலே வளைவுகளாக மிதக்கவிட்டு நெய்து, துணியை நீண்ட சட்டத்தில் இழுத்துக் கட்டி, மெல்லிய நீளக் கத்தியை ஒவ்வொரு வரியின் உள்ளும் செலுத்தி அவ்வளைவுகளை அறுத்துக்கொண்டே தொழிலாளர் நடந்தனர். அறுபட்ட நுனிகள் நிமிர்ந்து வெல்வெட்டுப் போன்ற மேடுகளாயின. ஆஸ்திரேலியாவிலோ அதே சொல் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலை ஆகியவற்றைக் குறிக்க, அவை விற்கும் கடைப்பகுதிக்கும் அதுவே பெயராயிற்று.

இப்பெயர் அரசியலிலும் புகுந்தது. பிரிட்டனில் தானிய இறக்குமதிக்குத் தடையாக இருந்த வரிச்சட்டங்களை எதிர்த்து 1838இல் மான்செஸ்டர் நகரில் தொடங்கிய இயக்கம், காப்டன், பிரைட் ஆகிய தலைவர்களின் முயற்சியால் வலுப்பெற, 1846இல் அச்சட்டங்களை நீக்கும் முடிவு எடுக்கப்பட்டது. அதன்பின் அரசு தலையிடாத வணிகக் கொள்கைக்கு 'மான்செஸ்டர் நெறி' என்ற பெயர் நிலைத்தது. ஜெர்மனியில் அது வசைச்சொல்லாகவும் மாறியதால், தச்சருக்குக் காற்சட்டைத் துணியாக இருந்த ஒரே பெயர், அரசியலாருக்கு ஏழையைக் கைவிடும் பொருளாதாரமாயிற்று. இவ்விரு பொருளும் ஒரே நாட்டில் அருகருகே வாழ்ந்தது வியப்புக்குரியது.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் டெர்ரிஃபீல்டு என்ற சிற்றூர், பெரும் ஆலைகள் எழுவதற்கு முன்பே, 1810இல் மான்செஸ்டர் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. அங்கே அது விருப்பத்தின் பெயர். ஜமைக்காவின் மான்செஸ்டர் மாவட்டத்துக்கோ துணியோடு தொடர்பில்லை. அது ஆளுநராயிருந்த மான்செஸ்டர் கோமகன் பெயரைத் தாங்குவது.

'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று கோயம்புத்தூரைப் போற்றுவது தமிழர் நன்கறிந்த வழக்கு. மான்செஸ்டர் நகரை மையமாகக் கொண்ட லங்காஷயர் வட்டாரத்துத் துணியின் வரவால் கைத்தறியாளர் பட்ட துயரை எண்ணும்போது, இப்புகழுரையை முழுமனத்துடன் ஏற்பது கடினம். கொங்கு நாட்டின் நெசவுத்திறனும் கரிசல் பருத்தியும் வணிகத் துணிவும் கோயம்புத்தூருக்கே சொந்தமானவை. 1888இல் முதல் ஆலை எழுந்தபோதிலும், 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்த பின்னரே அங்கு ஆலைகள் பெருகின. லங்காஷயர் தன் இந்தியச் சந்தையை இழந்துகொண்டிருந்த காலமும் அதுவே.