கேஸ் போட்ட தேதியில இருந்துதான் கணக்கு

இந்த எபிசோடுல டெக் எதுவும் இல்லை. ஒரு 20 ரூபாய் பத்திரத்தைப் பத்திப் பேசப் போறேன்.

திண்டிவனத்துல என் கூடப் படிச்ச ஒரு நண்பன். நாங்க ஒன்பதாவது படிக்கும்போது அவங்க அப்பா வீட்டை விட்டுப் போயிட்டார். ரொம்ப தூரம் எல்லாம் இல்லை, விழுப்புரம்தான். பஸ்ல ஒரு மணி நேரம். அங்க ஒரு ஹார்டுவேர் கடை, இன்னொரு குடும்பம். இங்க அவன் அம்மா ஒரு தையல் மெஷினை வெச்சுக்கிட்டு ரெண்டு பிள்ளைகளை வளர்த்தாங்க. தங்கச்சிக்கு அப்போ ஆறு வயசு.

ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உட்கார்ந்து பேசினாங்க. "கோர்ட்டுக்குப் போனா மாசம் ஐநூறு ரூபாதான்மா வரும், பஸ் சார்ஜுக்கே சரியாப் போயிடும்"னு சொன்னாங்க. கடைசியில ஒரு தொகையைக் கையில கொடுத்து, பத்திரத்துல எழுதி வாங்கிட்டாங்க: எனக்கோ பிள்ளைகளுக்கோ இனிமேல் எதுவும் கேட்க மாட்டேன். அம்மா கையெழுத்துப் போட்டாங்க. அந்தப் பணம் ரெண்டு வருஷ ஸ்கூல் ஃபீஸுக்கு வந்தது.

இப்போ தங்கச்சிக்கு 20 வயசு, காலேஜ் படிக்கிறா. ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட முடியாம அப்பாவுக்கு போன் பண்ணினப்போ அவர் சொன்ன பதில்: "அதான் அன்னைக்கே எழுதி வாங்கியாச்சே." அன்னைக்கு ராத்திரி நண்பன் என்னைக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டான்: "மச்சான், அந்தப் பேப்பர் செல்லுமாடா?"

நான் வக்கீல் இல்லை, சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஆனா சட்டத்தைப் படிக்கத் தடை ஒண்ணும் இல்லையே. படிச்சோம், அப்புறம் ஒரு வக்கீல்கிட்டயும் போய் உட்கார்ந்தோம். தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

முதல் விஷயம், அந்தப் பேப்பர் பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது. பராமரிப்புத் தொகை கேட்பது பிள்ளையோட உரிமை. அதை அம்மாவால விட்டுக் கொடுக்க முடியாது, ஏன்னா அது அவங்களுடையது இல்லை.

இரண்டாவது, அந்த ஐநூறு ரூபாய் கதை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவில் மாதம் 500 ரூபாய்க்கு மேல கிடையாதுன்னு ஒரு உச்சவரம்பு உண்மையிலேயே இருந்தது. அதை 2001-லேயே நீக்கிட்டாங்க. பெரியவங்க அம்மாகிட்ட அதைச் சொன்னப்போ, அந்த வரம்பு போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. யாரும் பொய் சொல்லணும்னு சொல்லலை. பழைய தகவலை நம்பி ஒரு பொம்பளை கையெழுத்துப் போட்டாங்க, அவ்வளவுதான்.

அந்த 125-ஆம் பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவா இருக்கு. எந்த மதமா இருந்தாலும் பொருந்தும். கல்யாணம் பண்ணிப் பிறந்த பிள்ளையா இல்லையாங்கிறதும் முக்கியம் இல்லை. வசதி இருந்தும் கவனிக்க மறுத்தா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல கேட்கலாம், குடும்ப நல நீதிமன்றம் இருக்கிற இடத்துல அங்க கேட்கலாம். அம்மா குடியிருக்கிற ஊரிலேயே மனு போடலாம். அப்பா திருப்பூர் போயிட்டாலும் துரத்திக்கிட்டுப் போக வேண்டியதில்லை. கேஸ் முடியும் வரைக்கும் இடைக்காலத் தொகை கேட்கலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 60 நாளுக்குள்ள, முடிஞ்ச வரைக்கும், அதை முடிவு பண்ணணும்னு சட்டமே சொல்லுது.

"எனக்கு வருமானமே இல்லை"ன்னு சொன்னா? 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் 'ரஜ்னேஷ் எதிர் நேஹா' வழக்குல ஒரு தீர்ப்பு கொடுத்தது. ரெண்டு தரப்பும் தங்களோட வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா தாக்கல் செய்யணும். கடை வெச்சிருக்கிறவரும் கணக்கைக் காட்டித்தான் ஆகணும்.

உத்தரவு வந்தும் கட்டலைன்னா வாரண்ட். ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. உள்ள போய்ட்டு வந்தா பாக்கி தீர்ந்துடாதுன்னு 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா வாரண்ட் கேட்கிறவங்க, அந்தப் பணம் கட்ட வேண்டிய தேதியில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள கேட்கணும். அசந்துட்டா கஷ்டம்.

இப்போ வலிக்கிற இடத்துக்கு வர்றேன். இந்தப் பிரிவுல பிள்ளைங்கிறது பொதுவா 18 வயசு வரைக்கும்தான். உடல் அல்லது மனக் குறைபாட்டால தானே பிழைக்க முடியாதவங்களுக்கு மட்டும் விலக்கு. காலேஜ் ஃபீஸ் ஆரம்பிக்கிற வயசுல இந்தக் கதவு மூடுது. 2021-ல டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்குல, பையனுக்கு 18 ஆனதாலேயே படிப்புச் செலவு முழுக்க அம்மா தலையில விழக் கூடாதுன்னு சொல்லி, பட்டப்படிப்பு முடியும் வரை அப்பா பணம் தர உத்தரவு போட்டது. என் நண்பனுக்கு இது எதுவும் உதவாது. அவன் கல்விக் கடன் வாங்கிப் படிச்சான், இன்னும் இ.எம்.ஐ. கட்டிக்கிட்டு இருக்கான்.

தங்கச்சிக்கு மட்டும் இன்னொரு கதவு இருக்கு. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 20-ஆம் பிரிவு. கல்யாணம் ஆகாத மகள், சொந்த வருமானமோ சொத்தோ இல்லாத வரைக்கும், 18 வயசுக்கு மேலயும் கேட்கலாம். படிப்பு, மருத்துவம் எல்லாம் அதுல அடங்கும். 2020 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் இதை உறுதி செஞ்சது. இது சிவில் உரிமை, இதுக்கு மாஜிஸ்ட்ரேட் கோர்ட் போதாது. அந்தச் சட்டப்படி பிள்ளையைக் காப்பாத்துற கடமை அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் உண்டு. அம்மா தன் பங்கை 14 வருஷமா மெஷின்ல மிதிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க.

தங்கச்சி கேஸ் போட்டிருக்கா. முதல் வாய்தாவுக்கு நானும் கூடப் போனேன். வெளியில மரத்தடியில உட்கார்ந்து டீ குடிக்கும்போது அம்மா வக்கீலைப் பார்த்துக் கேட்டாங்க: "போன வருஷங்களுக்கும் சேர்த்துக் கேட்கலாமாங்க?"

அந்த ரஜ்னேஷ் தீர்ப்புல இதுக்கும் பதில் இருக்கு. பராமரிப்புத் தொகை மனு போட்ட தேதியில இருந்து கணக்கு. அதுக்கு முன்னாடி ஓடின வருஷங்கள் அந்தக் கணக்குல வராது. ஆறு வயசுல இருந்து 18 வரைக்கும், அந்தப் பொண்ணோட 12 வருஷம். வக்கீல் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அம்மா டம்ளரைக் கீழே வெச்சுட்டு, "அப்பவே யாராவது சொல்லியிருந்தா நல்லாயிருக்கும் தம்பி"ன்னு என்னைப் பார்த்துச் சொன்னாங்க.

அதனாலதான் இந்த எபிசோடு. உங்க அக்காவோ, பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ, ஆபீஸ்ல கூட வேலை செய்யற யாராவதோ இதே நிலைமையில இருந்தா, பெரியவங்க பேசி முடிக்கட்டும்னு காத்திருக்கச் சொல்லாதீங்க. பேசட்டும், தப்பில்லை. மனுவை முதல்ல போட்டுட்டுப் பேசட்டும். வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவா இருந்தாலும், சட்ட உதவி இலவசம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க. இல்லைன்னா 15100-க்கு போன் பண்ணுங்க.

நம்பரை இன்னொரு தடவை சொல்றேன்: 15100. அடுத்த வாரம் பார்ப்போம்.